எலிகளுக்கு நடுவே ஒரு கை

இரவு ஷிப்ட் முடிந்து வந்த கணவன் அறிவுச்செல்வன் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் நிலக்கரி மைன்ஸுக்குப் போனாலும் சரி, வீட்டில் தூங்கினாலும் சரி, அந்தக் குவார்ட்டர்ஸில் எழில்மதிக்குப் பேச ஆளில்லை. மடிக்கணினிதான் துணை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து வைக்கும் இணையதளம் ஒன்றுக்காக, கணினி தானாகப் பிரித்துப் போட்டவை சரியான பிரிவில்தான் இருக்கின்றனவா என்று பார்ப்பது அவள் வேலை.

அன்று 'விலங்குகள்' பிரிவில் எலி, முயல் என்று பார்த்துக்கொண்டே வந்தவள் ஒரு படத்தில் நின்றுவிட்டாள். முந்திரிக்கொட்டை உடைத்து, ஓட்டின் எண்ணெய் பட்டுத் தோலுரிந்த ஒரு பெண்ணின் கை. மணிக்கட்டில் பச்சை குத்திய தேள், வால் மட்டும் முடியாமல். குத்தும்போது வலி தாங்காமல் பாதியில் கையை இழுத்துக்கொண்டதாக அம்மா ஆதிலட்சுமி சொல்லிச் சிரிப்பாள்.

படித்துப் பார்த்தாள். எண்ணெயை முதலில் எலியின் தோலில் தடவிப் பார்த்திருக்கிறார்கள். பிறகுதான் முந்திரி உடைக்கும் பண்ருட்டிப் பெண்களின் கைகளைப் பார்த்திருக்கிறார்கள். கணினி எலியைப் பிடித்துக்கொண்டு பெண்களை விட்டுவிட்டது. மனிதர்களைப் பற்றிய ஆய்வைத் தேடிய எந்த மருத்துவர் கண்ணிலும் இத்தனை வருஷம் இது பட்டிருக்காது.

சென்னையிலிருக்கும் மேற்பார்வையாளர் சிவசங்கருக்குப் போன் செய்தாள்.

"சார், இது மனுஷங்களப் பத்தினது. தப்பா போட்டிருக்கு."

"மாத்திடுங்க. இதுக்கெல்லாம் எதுக்குங்க போன்?"

அது என் அம்மா கை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் வைத்துவிட்டார். பிரிவை மாற்றினாள். மனசு அடங்காமல் பண்ருட்டியில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"ஏம்மா, உன் கைய போட்டோ புடிச்சிகினு போனாங்களே, ஞாபகம் இருக்கா?"

"அந்த டாக்டரம்மாவா? களிம்பு கொண்டாறேன்னு சொல்லிட்டுப் போச்சு. ரொம்ப நாளு பாத்துகினு இருந்தேன். இப்ப எதுக்குடி கேக்கற?"

எலிகளுக்கு நடுவே கிடந்தது என்பதை விட்டுவிட்டுச் சொன்னாள்.

"அந்தப் படம் கம்ப்யூட்டர்ல இருக்கும்மா."

"மூஞ்சி தெரியுதா?"

"இல்ல. கைதான்."

"அப்பறம் நான்னு யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள் அம்மா. அடுப்பில் குழம்பு கொதிக்கிறது என்று போனை வைத்தாள்.

சாயங்காலம் அறிவுச்செல்வன் எழுந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்படியா? நல்லதாப் போச்சு," என்றபடி துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான். அவனுக்கு ஷிப்ட் பஸ் வந்துவிடும்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்வரை அவள் அங்கேயே நின்றாள். பிறகு உட்கார்ந்து அடுத்த ஆய்வைத் திறந்தாள்.