மாப்பிள்ளை இறுக்கிய பட்டை

எங்கள் வீட்டு மாப்பிள்ளை ஒரு வாயில்லாப் பூச்சி. என் தங்கையைக் கட்டியவர். "போதும்" என்று சொல்ல வாய் வராமல் மூன்றாவது தடவையும் சோறு வாங்கிக்கொண்டு முழிப்பார். பல்லியை விரட்டக்கூட என் தங்கையைத்தான் கூப்பிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷனைப் பிடித்து ராணுவத்தில் மருத்துவ உதவியாளராகப் போட்டார்கள். அதுவும் நான் லாரி ஓட்டுகிற அதே படைப்பிரிவில். "அண்ணா, அவரைப் பாத்துக்கோ" என்றாள் தங்கை. எங்களை அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

எங்கள் ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு சின்ன மருந்துப் பை தொங்கும். யாருக்கு அடிபடுகிறதோ, அவன் பையில் இருப்பதை எடுத்துத்தான் அவனுக்கு முதலில் வைத்தியம். அதில் முக்கியமானது ஒரு பட்டை. கையிலோ காலிலோ ரத்தம் பீறிட்டால், காயத்துக்கு மேலே அதை மாட்டி, அதிலிருக்கும் குச்சியைத் திருக வேண்டும். திருகத் திருகப் பட்டை இறுகும். ரத்தம் நிற்கிறவரை விடக்கூடாது. உயிர் போகிற மாதிரி வலிக்கும்.

பயிற்சியில் மாப்பிள்ளை வழுக்கி விழுந்தது இங்கேதான். யார் காலில் மாட்டினாலும் அரைச் சுற்றுக்கு ஒரு தடவை "வலிக்குதா?" என்று கேட்பார். "ஆமா" என்றால் போதும், தளர்த்திவிடுவார். பசங்களுக்குக் கேட்கவா வேண்டும். பட்டை காலில் படுவதற்கு முன்பே "ஐயோ அம்மா" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதில் நான்தான் முதல் ஆள். நான் போடுகிற கூப்பாட்டில் மாப்பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டிவிடும்.

பயிற்சி அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். "வலிக்கலைன்னா நீ கட்டவே இல்லைன்னு அர்த்தம்பா. செத்ததுக்கப்புறம் யாருக்கும் வலிக்காது."

"சரிங்க சார்" என்றார் மாப்பிள்ளை. பிறகு நேராக என்னிடம் வந்து, "மச்சான், இன்னிக்கு ரொம்ப இறுக்கிட்டேனா?" என்றார். இந்த ஆளை நம்பியா சண்டைக்குப் போகிறோம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. உள்ளுக்குள் பயமாகவும் இருந்தது.

அந்த நாளும் வந்தது. தண்ணீர் டின்களை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தோம். நான் ஓட்டினேன். பக்கத்தில் நெட்டை, அவன் ஒரு சிப்பாய். பின்னால் டின்களுக்கு நடுவில் மாப்பிள்ளை. சாலையோரத்தில் ஒரு குண்டு விழுந்தது. கதவைத் துளைத்துக்கொண்டு ஒரு இரும்புத் துண்டு என் தொடையில் ஏறியது.

முதலில் வலியே தெரியவில்லை. சீட்டு நனைந்திருந்தது. டின்தான் ஓட்டையாகிவிட்டது என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் சிவப்பாக, துள்ளித் துள்ளி வந்துகொண்டிருந்தது.

இரண்டு பேருமாக என்னைத் தூக்கிப் பின்னால் போட்டார்கள். நெட்டை லாரியைக் கிளப்பினான். மாப்பிள்ளை என் இடுப்புப் பையைத் திறந்து பட்டையை எடுத்தார். தொடையின் உச்சியில் மாட்டி, குச்சியைத் திருக ஆரம்பித்தார்.

"மாப்ளே, போதும்."

திருகினார்.

"கால் பிஞ்சு வந்துடும். கொஞ்சம் லூஸ் பண்ணுங்க."

இன்னொரு சுற்று.

"உங்க கால்ல வேணா விழறேன் மாப்ளே." எந்தக் காலை வைத்து எழுந்து போய் விழுவேன் என்று நான் யோசிக்கவில்லை. கெஞ்சியது போதாதென்று மிரட்டியும் பார்த்தேன். "தங்கச்சிகிட்ட சொல்லிடுவேன். அப்புறம் நீங்க வீட்டுப் பக்கம் தலைவச்சுப் படுக்க முடியாது."

யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிற மனுஷன், செவிடர் மாதிரி உட்கார்ந்திருந்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டுகிறது. கை அது பாட்டுக்குத் திருகுகிறது. ரத்தம் நின்ற பிறகுதான் குச்சியைப் பட்டையிலிருந்த கொக்கியில் மாட்டினார். காயத்துக்குள் துணியைத் திணித்து அடைத்தார். அப்புறம் ஒரு பேனாவை எடுத்து, ஆஸ்பத்திரியில் தெரிய வேண்டுமே என்று பட்டை கட்டிய நேரத்தை என் நெற்றியில் எழுதினார்.

"பாத்திரத்துல பேர் வெட்டுற மாதிரி நல்லா வெட்டுங்க" என்றேன். அதற்குமேல் பேச்சு வரவில்லை. கண் இருட்டியது. உடம்பெல்லாம் குளிர்ந்தது. அப்படியே சும்மா கிடந்துவிடலாம் போலிருந்தது.

நான் வாயை மூடியதும்தான் மாப்பிள்ளை பதறிப்போய் என் கன்னத்தைத் தட்டினார்.

"மச்சான், திட்டுங்க. ஏதாவது திட்டுங்க. எங்க அக்காவைப் பத்திச் சொல்லுவீங்களே, அதைச் சொல்லுங்க."

அவருடைய அக்காவைப் பற்றிப் பேச எனக்கு இப்படி ஒரு அனுமதி வாழ்நாளில் கிடைத்ததில்லை. விடலாமா. நாக்கு குழறக் குழற ஆரம்பித்தேன். கல்யாணத்தன்று காபி ஆறிப்போய்விட்டது என்று அந்த அம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதைச் சொன்னேன். "ஆமா மச்சான், அப்புறம்?" என்றார். அவர் சித்தப்பாவின் குறட்டைக்கு வந்தேன். "ஆமா, அப்புறம்?" மாப்பிள்ளை பைக் ஓட்டினால் நடந்து போகிறவர்கள் முந்திக்கொண்டு போவார்கள் என்றேன். அதற்கும் ஆமா. அந்தக் குடும்பத்தில் நான் ஒருத்தரை மிச்சம் வைக்கவில்லை. சாலை குண்டும் குழியுமாக இருந்தது. லாரி தூக்கிப் போடும்போதெல்லாம் குச்சியின்மேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு, அழுதுகொண்டே "அப்புறம்" போட்டார் அவர்.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தார்கள். வயதான நர்ஸ் ஒருவர் என் நெற்றியைப் படித்தார். பட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்லாத்தான் கட்டியிருக்கீங்க. கையை எடுங்க தம்பி, இனிமே நாங்க பாத்துக்கறோம்."

மாப்பிள்ளை உடனே கையை எடுக்கப் போனார். பெரியவர்கள் சொன்னால் தட்டாத ஆள்.

அந்தக் கை திருகியபோது போதும் போதும் என்று அவர் உயிரை வாங்கியவன் நான்தான். எட்டி அவர் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"விடாதீங்க மாப்ளே" என்றேன்.