அம்மாவின் போனில் தம்பியின் வீடு

தனி வீடு எடுத்து இருக்கப் போகிறேன் என்று தம்பி சொன்ன அன்று, அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். அடிப்பதற்கு அல்ல, பதற்றத்தில் அதைக் கீழே வைக்க மறந்துவிட்டாள். விபத்தில் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டு, கால்கள் அசையாமல், விரல்கள் எதையும் பிடிக்காமல் போனவன் அவன். தோளிலும் மணிக்கட்டிலும் கொஞ்சம் பலம் மிச்சம். வாய் மட்டும் முன்னைவிட இரண்டு மடங்கு வேலை செய்தது.

"விளக்கு யாருடா போடுவா?"

"அக்கா பாத்துப்பா."

"வாசக் கதவு?"

"அதையும் அக்காதான்."

அந்த அக்கா நான். வீடுகளுக்கு வயரிங் செய்து பிழைக்கிறவள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே என் தலையில் கட்டிவிட்டான். கோபம் வந்தது. கோபத்தோடுதான் அன்றைக்கே பேப்பர் எடுத்துப் படம் போட ஆரம்பித்தேன்.

அம்மா லேசில் இறங்கி வரவில்லை. காலையும் மாலையும் ஓர் உதவியாளர் வந்து குளிப்பாட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, திரும்பப் படுக்கவைப்பார் என்று சொன்னோம். நடுவில் உள்ள நேரம்? கடைசியில் ஒரு நிபந்தனையோடு சரி என்றாள்.

"'அம்மா, முடியல, வா'ன்னு ஒரு தடவை போன் வரட்டும். அன்னைக்கே மூட்டையைக் கட்டிட்டு இங்க வந்துடணும். அப்புறம் ஜென்மத்துக்கும் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது."

தம்பி உடனே ஒப்புக்கொண்டான். பயந்தது நான்தான். ஒரு கதவு ஒரே ஒரு நாள் மக்கர் செய்தால் போதும், அவன் பழையபடி அம்மா வீட்டுக் கூடத்துக் கட்டிலுக்குத் திரும்பிவிடுவான். அப்படியென்றால் அந்தக் கதவுக்கு மோட்டார் பொருத்துகிறவளுக்குத் தூக்கம் எப்படி வரும்?

முதலில் பெரிய கடை ஒன்றுக்குப் போனோம். விற்பனைக்காரர் கை தட்டினார், திரைச்சீலை இறங்கியது. மறுபடி தட்டினார், பாட்டு வந்தது.

"தம்பியால கை தட்ட முடியாது சார்," என்றேன்.

"வாயால சொன்னாலும் கேக்கும் மேடம். எல்லாமே நெட்ல ஓடுது."

"நெட் போச்சுன்னா?"

"இந்தக் காலத்துல நெட் எங்க மேடம் போகுது?"

அவர் எந்த ஊரில் குடியிருந்தார் என்று தெரியவில்லை. விலைப் பட்டியலை நீட்டினார். தம்பி பார்த்துவிட்டு, "கழுத்து உடைஞ்சப்பகூட எனக்கு இவ்வளவு அதிர்ச்சி இல்லக்கா," என்றான். மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

நானே செய்தேன். திரை உடைந்து மூலையில் கிடந்த ஒரு மடிக்கணினிதான் வீட்டுக்கு மூளை. அதைச் செருப்பு அலமாரிக்கு மேல் தட்டில் வைத்தேன். தம்பி சொல்வது அந்த வீட்டைத் தாண்டி எங்கும் போகாது, அந்த மடிக்கணினியே கேட்டு அதுவே செய்யும். ஒவ்வொரு சுவிட்சுக்கும் பின்னால் மடிக்கணினி சொன்னால் மின்சாரத்தை விட்டு நிறுத்தும் விரல்நீள ரிலே ஒன்றை ஒளித்துவைத்தேன். சுவரில் இருக்கிற சுவிட்சைக் கையால் போட்டாலும் விளக்கு எரியும், வாயால் சொன்னாலும் எரியும். சளி பிடித்துக் குரல் போய்விட்டால் என்ன செய்வது? நாற்காலியின் கைப்பிடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பொத்தான்கள் வைத்தேன், மணிக்கட்டால் இடித்தால் போதும். அதில் சிவப்புப் பொத்தானை இடித்தால் என் போனும் அம்மா போனும் அலறும். கதவு மோட்டாருக்குத் தனி பேட்டரி. கேஸ் அடுப்பை மட்டும் எதோடும் இணைக்கவில்லை, அதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

படங்களுக்குத் திரையின் அடியில் ஓடும் வசன வரிகள் போடுவது அவன் வேலை. அதனால் பெரிய திரையும் நல்ல ஒலிபெருக்கிகளும் வேண்டும். பழைய கடைகளில் ஏறி இறங்கி, ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு ஒலிபெருக்கிகளைக் கொண்டுவந்து ஜோடி சேர்த்தேன். பார்க்க நன்றாக இருக்காது, கேட்க நன்றாக இருந்தது.

எல்லாம் முடிந்ததும் அவனை உள்ளே விட்டுவிட்டு நான் வெளியே வந்து நின்றேன். நெட் இணைப்பைப் பிடுங்கியாயிற்று, மெயின் சுவிட்சையும் இறக்கியாயிற்று. "திறடா," என்று கத்தினேன். உள்ளே ஏதோ முனகினான். மோட்டார் உறுமியது, கதவு திறந்தது. அடுக்குமாடியின் நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அம்மா விடவில்லை.

"என் போன்லயும் போட்டுக் குடுடி. அவன் வீட்டை அப்பப்ப பாத்துக்கிட்டாத்தான் எனக்கு மனசு ஆறும்."

போட்டுக் கொடுத்தேன். பார்ப்பதற்கு மட்டும் வழி வைத்திருக்க வேண்டும். முழு அதிகாரத்தையும் கொடுத்துவிட்டேன். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு யாரும் எதிலும் பாதி அதிகாரம் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அதன்பின் அந்த வீடு இரண்டு பேர் சொல் கேட்டது. விடிந்ததும் அம்மா அங்கிருந்தே திரைச்சீலையைத் தூக்கினாள். சளி பிடிக்கும் என்று மின்விசிறியை நிறுத்தினாள், இவன் போட்டான், அவள் நிறுத்தினாள். கண் கெட்டுப்போகும் என்று படத்தின் நடுவில் டிவியை அணைத்தாள். உதவியாளர் வாசலுக்கு வந்தால் தம்பி வாயைத் திறப்பதற்குள் அம்மா கதவைத் திறந்தாள். ஒரு நாள் அவன் திரையில் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருக்கும்போது ஒலிபெருக்கியிலிருந்து அம்மாவின் குரல் இடி மாதிரி இறங்கியது.

"மாத்திரை போட்டியாடா?"

வாடிக்கையாளர் பயந்துபோய், "போட்டுட்டேம்மா," என்றாராம்.

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். தம்பி சிரிக்கவில்லை.

"அக்கா, அங்க இருந்தப்ப அம்மா அடுத்த ரூம்ல இருந்தா. இப்ப சுவத்துக்குள்ளயே இருக்கா. அவ பேரை எடுத்துடு."

"எடுத்தா உன்னைத் தூக்கிட்டுப் போயிடுவாடா."

"இப்ப மட்டும் நான் எங்க இருக்கேன்னு நினைக்கிற?"

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. ஆனாலும் இன்று, நாளை என்று தள்ளிப்போட்டேன். மற்றவர் வீட்டில் மின்சாரத்தில் கை வைக்கப் பயப்படாதவள், அம்மா விஷயத்தில் சுத்தக் கோழை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா கூப்பிட்டாள். "அவன் வீடு என் போன்ல இல்லடி. காணாமப் போச்சு. போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கறான்."

எனக்குப் புரிந்துவிட்டது. நான் செய்யாததை அவனே செய்திருக்கிறான். அம்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வழி முழுக்க அம்மா முந்தானையைப் பிசைந்துகொண்டே வந்தாள். "போதும்டி. இன்னைக்கே கூட்டிட்டு வந்துடறேன். என் உயிரு போகுது."

கதவுக்கு முன்னால் நின்று பழக்கத்தில் போனைத் தடவினாள். திறக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"பெல்லை அடிம்மா."

"பெத்தவ பெல் அடிக்கணுமா?"

"அடிம்மா."

அடித்தாள். ஒன்றும் இல்லை. உள்ளே ஏதோ உலோகம் விழுந்து உருண்டது. அம்மா என் கையை நெரித்தாள். அப்புறம் சக்கரங்கள் மெதுவாக வரும் சத்தம்.

"யாரு?"

"நான்தான்டா!"

"ஞாயித்துக்கிழமையும் மாத்திரை கேக்க வந்துட்டியா?"

கதவு திறந்தது. தம்பி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். சட்டையில் காபித் தூள் கொட்டியிருந்தது. அவன் முகத்திலும் பயம் இருந்தது, அதை மறைக்கத் தெரியவில்லை.

"நான்தாம்மா உன் பேரை எடுத்தேன். கோவிச்சுக்காத. சிவப்புப் பொத்தானை எடுக்கல. எனக்கு ஒண்ணுன்னா உன் போன்தான் முதல்ல அடிக்கும். போன் சார்ஜ்ல கிடந்துச்சு, நான் அடுப்படில இருந்தேன். உக்காரு."

அம்மா உட்காரவில்லை. அவன் திரும்பி, "கெட்டில்," என்றான். சாய்க்கிற சட்டத்தில் மாட்டிய மின்கெட்டில் இரையத் தொடங்கியது. அந்தச் சட்டம் நான் செய்ததில்லை, உதவியாளரோடு சேர்ந்து அவனே செய்திருந்தான். தண்ணீர் கொதித்து அதுவே அணைந்தது. மணிக்கட்டால் சட்டத்தைத் தள்ளினான். கோப்பையில் பாதி, தட்டில் பாதி விழுந்தது. அம்மாவின் கை தானாக நீண்டது.

"அம்மா."

அவ்வளவுதான் சொன்னான். அம்மா கையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மடியில் ஒரு பலகை வைத்து, அதில் கோப்பையை நகர்த்தி, உருண்டு வந்து அவள் முன்னால் நின்றான்.

"என்னைக் கூட்டிட்டுப் போகத்தானே வந்த?"

அம்மா கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தாள். நானும் பிறகு குடித்துப் பார்த்தேன், கஷாயம் தோற்றுவிடும்.

"காபி குடிக்க வந்தேன்," என்றாள். குரல் உடைந்தது. மிச்சத்தையும் ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

தம்பி தலையைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான். எனக்கு அவன் முகம் தெரிந்தது. விபத்துக்குப் பிறகு அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

கிளம்பும்போது அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே, தரையைப் பார்த்துக் கேட்டாள். "அடுத்த வாரம் வரட்டுமா?"

"வாம்மா. ஆனா போன் பண்ணிட்டு வா. எனக்கு வேலை இருக்கும்."

லிப்டில் எங்களோடு முன்பின் தெரியாத ஒரு பெண் காய்கறிப் பையோடு நின்றாள். அம்மா அவளிடம் திரும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டே புகார் சொன்னாள்.

"என் பையன் வீடு இங்கதான், மேல. நான் போன் பண்ணிட்டுத்தான் வரணுமாம். அவனுக்கு வேலை இருக்குமாம்!"

லிப்ட் கீழே வந்து கதவு திறந்தது. அம்மா இறங்காமல் இன்னொரு தடவை அதையே சொன்னாள்.