கோக்-பெல் கணவாயில் மிதந்த கார்

உருளைக்கிழங்கு அறுவடை முடிந்த வாரத்தில், காலிச்சாவின் கார் கோக்-பெல் கணவாயில் ஏறும்போதெல்லாம் தரையை விட்டு ஒரு சாண் எழும்ப ஆரம்பித்தது. சமதரையில் அது மற்ற கார்களைப் போலப் புழுதியைக் கிளப்பிக்கொண்டுதான் ஓடியது. ஏற்றம் வந்து, எஞ்சின் பாரம் இழுக்கத் தொடங்கியதும் நான்கு சக்கரங்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டுவிடும். உச்சியைத் தாண்டி அவள் காலைத் தளர்த்தினால், கிழட்டு நாய் படுப்பதைப் போல மெள்ள இறங்கும். அந்த வருஷம் எங்கள் பக்கம் வெங்காயமும் நன்றாக விளைந்திருந்தது.

காலிச்சா எங்கள் அக்-துஸ் கிராமத்திலிருந்து நாரின் நகரத்துக்கு ஆட்களை ஏற்றிப் போய்வருகிறவள். நாற்பதைத் தாண்டியவள், யார் என்ன சொன்னாலும் முதலில் எஞ்சின் சத்தத்தைத்தான் கேட்பாள். அவளுடைய பழைய ஸ்டேஷன் வேகன், ஆளும் மூட்டையுமாகக் கணவாயில் ஏறினால் பாதி வழியில் முரண்டு பிடித்த கழுதையாக நின்றுவிடும். ஆகவே கோடையில் ஒரு நொறுங்கிய சரக்கு வேனிலிருந்து டர்போவைக் கழற்றிக் கொண்டுவந்து தன் காரில் பொருத்தினாள். டர்போ எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும் என்பதால், டாங்கிக்குள் பெரிய பம்பு ஒன்றையும் வைத்தாள். காற்றும் பெட்ரோலும் எந்தக் கணக்கில் எரிகின்றன என்று காட்டும் சின்ன மீட்டரை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டினாள். கார் எழும்பியது அதற்குப் பிறகுதான்.

ஊருக்கு அது பிடித்துப்போயிற்று. கணவாய்ச் சாலையின் குழிகள் பேர்போனவை. இப்போது அவற்றின்மேல் முட்டைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கியபடி போகலாம். முதுகுவலிக்காரர்கள் வேலை இல்லாவிட்டாலும் நாரினுக்குப் போய்வந்தார்கள். குமிஸ் விற்பவன் ஒருவன் மட்டும், குலுங்காமல் போனால் குதிரைப்பால் புளிப்பேறாது என்று வேறு வண்டிக்கு மாறினான். காலிச்சாவின் கணவன் சபிர்குல் தேனீ வளர்ப்பவன். அதுவரை அவனை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. இப்போது ஜனங்கள் இடம் பிடித்துத்தரச் சொல்லி அவனிடம் வந்தார்கள். அவன் தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொள்ளப் பழகினான்.

சந்தோஷப்படாதவள் காலிச்சா ஒருத்திதான். கார் எழும்புகிற அதே கணத்தில் மீட்டர் முள் தவறான பக்கம் சாய்ந்தது. எஞ்சினுக்குள் காற்று நிறைய, பெட்ரோல் குறைவு. மெக்கானிக்குகள் பேச்சில் சொன்னால், லீன் அடிக்கிறது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தாள். காப்பி நிறத்தில் இருக்க வேண்டியவை சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. உள்ளே அளவுக்கு மீறிய சூடு என்று அர்த்தம். இப்படியே இழுத்தால் ஒருநாள் பிஸ்டன் உருகி ஓட்டை விழும்.

"காத்து அதிகமாப் போறதாலதானே மிதக்குது? அப்ப இருந்துட்டுப் போகட்டுமே" என்றான் சபிர்குல்.

"பள்ளத்துக்கு மேல மெதக்கறப்ப பிஸ்டன் உருகினா நீங்களா வந்து தாங்குவீங்க?"

"இத்தனை நாளா உருகலையே!"

"செத்தவன்கூட முந்தின நாள் வரைக்கும் சாகாமத்தான் இருந்தான்."

உலர்ந்த தயிர் உருண்டை விற்கும் பாத்மா பெரியம்மா சந்தைக்கு நடுவில் வைத்தே கேட்டுவிட்டாள். "ஏண்டி காலிச்சா, ஆண்டவனாப் பாத்து உனக்கு ஒண்ணு குடுத்தா, ஸ்பானரை எடுத்துக்கிட்டு அவன்கிட்டயே சண்டைக்குப் போறியாமே?"

"ஆண்டவன் குடுத்தது மெதக்கறது பெரியம்மா. லீன் அடிக்கறது என் வேலைல எங்கயோ இருக்கற கோளாறு. அதைத்தான் தேடறேன்."

"ரெண்டும் ஒண்ணா இருந்துட்டா?"

அந்தக் கேள்வி காலிச்சாவுக்கும் இருந்தது. பயணிகள் தன்னைப் பார்த்ததும் எழுந்து நிற்பதும், பிள்ளைகள் காரைத் தொட்டுவிட்டு ஓடுவதும் அவளுக்கு மட்டும் கசந்ததா என்ன? ஆனாலும் தேடினாள். டர்போவின் குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினாள். ஒரு குமிழிகூட வரவில்லை. பெட்ரோல் ஃபில்டரை மாற்றினாள். எஞ்சினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் கழுவினாள். பெட்ரோல் குழாயில் ஒரு பிரஷர் மீட்டரைச் சொருகி, அதை முன்கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டிக்கொண்டு கணவாயில் ஏறினாள். கீழே நிலையாக நின்ற முள், கார் எழும்பியதும் தொய்ந்து விழுந்தது. ஆக, பெட்ரோல் வழியிலேயே எங்கோ நின்றுபோகிறது. பம்புக்குக் கரண்ட் சரியாகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் கார் பாரம் இழுக்கும்போதுதான் கோளாறு வருகிறது, ஓட்டிக்கொண்டே டாங்கிப் பக்கம் கையை விட முடியாது.

அதற்கு அவள் செய்ததை ஊரே வேலிமேல் ஏறி நின்று பார்த்தது. முற்றத்தில் டிராக்டரை நிறுத்தி, அதன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, காரை அதனோடு இரும்புக் கயிற்றால் கட்டினாள். சபிர்குலை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து அழுத்தச் சொன்னாள். கயிறு விறைத்தது. கார் முன்னே போக முடியாமல், மேய்ச்சலுக்கு இழுக்கும் கன்றுக்குட்டியாகத் திமிறிக்கொண்டு காற்றில் நின்றது. அவள் அதன் அடியில் மல்லாந்து படுத்து, டாங்கிக்குப் போகும் ஒயரில் கரண்டை அளந்தாள்.

"காலிச்சா! இது என்மேல இல்ல, உன்மேலதான் விழும்! வெளிய வாடி!"

"காலை எடுத்தீங்கன்னா கண்டிப்பா விழும். அப்படியே அழுத்துங்க!"

கரண்டில் குறையில்லை. ஃபில்டர் புதுசு, பம்பும் புதுசு. பாக்கி இருந்தது டாங்கியின் உள்பக்கம் ஒன்றுதான். மறுநாள் காலையில் பம்பை வெளியே எடுத்தாள். பம்பிலிருந்து மேலே போகும் ஒரு விரல் நீள ரப்பர் குழாயின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையை வாயில் வைத்து மெதுவாக ஊதினாள். ஒன்றுமில்லை. பலம்கொண்ட மட்டும் ஊதினாள். முடி அளவு வெடிப்பு ஒன்று உதடு பிரிவது போலத் திறந்து, கன்னத்தில் காற்று அடித்தது. சும்மா நிற்கும்போது மூடிக்கொள்ளும். பாரம் இழுத்து அழுத்தம் கூடினால் திறந்து, மேலே போக வேண்டிய பெட்ரோலை டாங்கிக்குள்ளேயே பீய்ச்சிவிடும். பெட்ரோலில் முங்கிக்கிடக்கத் தகாத சாதாரணக் குழாய் அது. கோடையில் அவசரத்துக்கு அதை மாட்டியது அவள்தான். தன்னையே ஒரு கெட்ட வார்த்தை திட்டிக்கொண்டு, நாரினிலிருந்து சரியான குழாயை வாங்கிவந்து மாட்டினாள்.

அதற்குப்பின் கார் எழும்பவில்லை. எஞ்சினுக்கு வந்த பலத்தில், பாதி அழுத்தினாலே கணவாயில் தரையோடு தரையாக ஏறிப்போயிற்று. பயணிகள் குழிக்குக் குழி அவளைச் சபித்தார்கள். சிலர் வேறு வண்டி பார்த்துக்கொண்டார்கள். சபிர்குலின் தொப்பி நேரானது. அவன் அவளோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டு தேன்பெட்டிகளோடு பேசினான். காலிச்சா காப்பி நிறத்துக்கு வந்துவிட்ட பிளக்குகளைத் துடைத்துப் பார்த்துக்கொள்வாள். அதைக் காட்ட அவளுக்கு யாரும் இல்லை.

தை மாதக் குளிரில் சபிர்குலின் தங்கை அய்ஜமாலுக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, நாரினுக்குக் கொண்டுபோனால்தான் இரண்டு உயிரும் தப்பும் என்று மருத்துவச்சி கையை விரித்தாள். அன்று காலையில்தான் பனிச்சரிவு கணவாயை மூடியிருந்தது. காலிச்சா ஒன்றும் கேட்காமல் எஞ்சினைச் சூடாக்கினாள். அண்ணன் முன்னால் ஏறினான். பின்னால் அய்ஜமாலின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு பாத்மா பெரியம்மா உட்கார்ந்தாள்.

பாதி ஏற்றத்தில் சாலை முடிந்தது. வீட்டுயரத்துக்குப் பனிச்சுவர். பின்னால் அய்ஜமால் அலறுவதை நிறுத்தியிருந்தாள். அதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது.

"உன் கையால அதைச் சரி பண்ணித் தொலைச்சியே" என்றான் சபிர்குல்.

"சரி பண்ணதுக்கப்புறம் இன்னும் முழுசா அழுத்திப் பாக்கலீங்க" என்றாள் அவள்.

காரைப் பின்னுக்கு எடுத்தாள். பிறகு மிதியைத் தரை தட்டும்வரை அழுத்தினாள். டர்போ சீழ்க்கை அடித்தது. முன்கண்ணாடியில் இன்னும் ஒட்டியிருந்த பிரஷர் மீட்டரின் முள் ஏறி, ஆணி அடித்தது போல நின்றது. கலவை முள் இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது. சுவர் நெருங்கியது, கார் எழும்பியது. சாண் கணக்கெல்லாம் பழைய கதை. பனிச்சுவருக்கு மேலே, தந்திக் கம்பங்களுக்கும் மேலே, சோர்வில்லாமல் இழுத்துக்கொண்டு போயிற்று. கீழே கணவாய் மொத்தமும் வெள்ளைத் துணியாக விரிந்து கிடந்தது.

"இப்ப லீன் அடிச்சா?" கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டான் சபிர்குல்.

"அடிக்காது."

"அடிச்சா?"

"நான்தான் பாத்தேங்கறேன்ல. அடிக்காது."

பெண் குழந்தை. அறுவை செய்து எடுத்தார்கள், தாயும் பிழைத்தாள். சபிர்குல் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, காரின் பானெட்டைத் திறந்து பிளக்கைக் காட்டும்படி கேட்டான். சூடு ஆறட்டும் என்று காத்திருந்து, அவள் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். அவன் அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தான்.

கோடை வந்ததும் சாலை ஆட்கள் அந்த இடத்தில் தந்திக் கம்பிகளைச் சற்றுத் தள்ளிக் கட்டினார்கள். பனி விழுந்துவிட்டால் அக்-துஸ்காரர்கள் இப்போதெல்லாம் அவள் காரில் அந்த மேல்வழியாகத்தான் போகிறார்கள். அவ்வளவு உயரத்தில் காது அடைக்கிறது என்று பாத்மா பெரியம்மா சொன்னதால், காலிச்சா பின்சீட்டில் ஒரு டப்பா மிட்டாய் வைத்திருக்கிறாள்.