ஃபிலிமில் ஏறாத கண்

ஸ்கேன் அறையில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவளுக்குத் தன் அண்ணனைப் பற்றி ஒரு முடிவான கருத்து இருந்தது: சுண்டுவிரலில் அடிபட்டாலும் ஊரைக் கூட்டுகிற ஆள். அதனால் திங்கட்கிழமை அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றபோது அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

"சர்க்கரை ஏறிக் கிடக்கு, மூக்கடைப்பு வேற. டாக்டர் சைனஸ் ஸ்கேன் எழுதியிருக்கார்" என்றாள் அண்ணி.

காத்திருந்தவர்கள் முறைக்க முறைக்க அண்ணனை முதலில் உள்ளே கூப்பிட்டாள். சொந்தத்துக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

"கண்ணுக்குப் பின்னால பிடிச்சு இழுக்குது. எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது" என்றார், படுத்தபடியே.

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"இன்னைக்குக் காலையிலதான் ஆரம்பிச்சுது."

"சரி, நடிக்காம அசையாம படு."

மெஷின் நூற்றுக்கணக்கில் படம் எடுக்கும். டாக்டர் கைக்குப் போவது இருபது படங்கள் கொண்ட ஒரே ஒரு ஃபிலிம். அந்த இருபதைப் பொறுக்குவது அவள். சீட்டில் சைனஸ் என்றிருந்தால் கண் பக்கத்துப் படங்களை ஒதுக்கிவிடுவது அங்கே பழக்கம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. வெளியே கூட்டம் முணுமுணுத்தது. இரண்டே நிமிஷத்தில் பொறுக்கிக் கொடுத்துவிட்டாள். டாக்டர் பார்த்துவிட்டு, சாதாரண சைனஸ் என்று மாத்திரை எழுதினார்.

வியாழக்கிழமை அந்தக் கண் வீங்கி மூடிக்கொண்டது.

"பூஞ்சை. சைனஸ்லேருந்து கண்ணுக்குப் போயிடுச்சு. கண்ணை எடுத்தாத்தான் உயிர் தப்பும்" என்றார் அறுவை மருத்துவர்.

அவள் ஓடிப்போய்த் திங்கட்கிழமைப் படங்களைத் திறந்தாள். ஒதுக்கிய படம் ஒன்றில், கண்ணுக்குப் பின்னால் கறுப்பாக இருக்கவேண்டிய கொழுப்பில் புகை படிந்தாற்போல் ஒரு கலங்கல். அன்றைக்கே பார்த்திருந்தால் கண் தப்பியிருக்கும். பொறுக்கிய கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது அவளுக்கு.

வார்டில் அண்ணி அந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டாள். "நீ இருக்கப் போய்தான் உடனே ஸ்கேன் எடுக்க முடிஞ்சுது. இல்லேன்னா என்ன ஆயிருக்குமோ!"

வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த நன்றி காலத்துக்கும் நிற்கும். அவளால் அதை விழுங்க முடியவில்லை.

"அண்ணா, பூஞ்சை திங்கட்கிழமையே இருந்துச்சு. மெஷின்ல இருக்கு. நான்தான் பார்க்கலை."

அண்ணியின் கை விலகியது. அண்ணன் திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தார். கத்தவில்லை, ஊரைக் கூட்டவில்லை. கண்ணை எடுப்பதற்கான சம்மதப் படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"நடிக்கலை, பார்த்தியா?" என்றார்.