தூணில் பட்ட பந்து, அல்லது படாத பந்து

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது இல்லை. மெல்பர்னின் டண்டினொங்கில் நான் வேலை பார்க்கும் ஜாம் தொழிற்சாலையின் தேநீர் அறையில், விக்னராஜா அண்ணை மூன்று நாள் இடைவேளைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய பிஸ்கட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அவர் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "தங்கச்சி, நீங்கள் கதை எழுதுறனீங்கள் எண்டு கேள்வி. இதை எழுதுறதெண்டா என்னட்டைக் காட்டிப்போட்டுத்தான் எழுதவேணும்" என்றார். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

ஆகவே இதில் அங்கங்கே அடைப்புக்குறிகள் வரும். பாதி அவருடைய திருத்தங்கள். மீதி என்னுடைய கோழைத்தனம்.

முதல் வரியை நான்கு தடவை எழுதினேன்.

"மெல்பர்னின் குளிர்காலச் சனிக்கிழமைகளில் ஒரு மனிதர் தன்னந்தனியாக..." (தனியாக இல்லையாம். மனைவி காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு இருந்தாராம்.)

"பந்து ஆகாயத்தில் இருந்த அந்தக் கணத்தில் விக்னராஜாவின் வாழ்க்கை முழுவதும் அவர் கண் முன்னே..." (ஒன்றும் வரவில்லையாம். மூக்கு ஒழுகியது மட்டும்தான் ஞாபகமாம்.)

"அன்று சனிக்கிழமை." (இது சரியாம். ஆனால் இதற்குமேல் எனக்கு ஓடவில்லை.)

நான்காவதைத் தரப்போவதில்லை. அதில் ஓர் உவமை இருந்தது.

2

விக்னராஜாவுக்கு அறுபத்தொரு வயது. இருபத்தாறு வருடமாக ஜாம் போத்தல்களின் மூடியைச் சின்னக் கம்பியால் தட்டிப் பார்ப்பது அவர் வேலையாக இருந்தது. ஒழுங்காக மூடிய போத்தல் ஒரு விதமாக ஒலிக்கும், காற்றுப் புகுந்தது வேறு விதமாக ஒலிக்கும். அந்த வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். இப்போது லேபிள் ஒட்டும் பிரிவில் இருக்கிறார். (ஏன் மாறினார் என்பது இங்கே வேண்டாமாம்.)

அவருக்கும் யோகராணிக்கும் ஒரே மகள், வர்ஷா. பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி மூன்றாம் வருடம். ஒருநாள் துவைக்கப் போட்ட உடுப்புகளுக்குள்ளிருந்து பல்வரிசை மாதிரி ஏதோ ஒன்று விழுந்தது. யாரோ கிழவரின் பல்செட்டை மகள் தவறுதலாகக் கொண்டுவந்துவிட்டாள் என்று யோகராணி அதைச் சுடுதண்ணீரில் போட்டுவைத்தார். மாலையில் விஷயம் வெளியே வந்தது. அது பல் உடையாமல் இருக்க விளையாடுகிறவர்கள் வாய்க்குள் மாட்டுவது. வர்ஷா ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்துக்கான பல்கலைக்கழகப் பெண்கள் அணியில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. சுடுதண்ணீரில் அது உருகிப்போய், புதிதாக ஒன்று செய்ய வேண்டி வந்தது தனிக்கதை.

தாய் அழுதார். தகப்பன் யோசித்தார். யோசித்து, அணியின் சொந்த மைதானத்தில் நடக்கும் ஹோம் கேம் எல்லாவற்றுக்கும் தான் போகப்போவதாக அறிவித்தார். வெளியூர் ஆட்டங்களுக்கு ஏன் இல்லை என்று நான் கேட்டேன். வீட்டு மைதானத்தில் நடக்கிற விளையாட்டுக்கு வீட்டுக்காரர் போகாவிட்டால் யார் போவது என்று திருப்பிக் கேட்டார். அந்தச் சொல்லை அவர் அப்படித்தான் விளங்கிக்கொண்டிருந்தார். இன்றுவரை அப்படித்தான்.

முதல் ஆட்டத்தின் இடைவேளையில் பார்வையாளர்கள் மைதானத்துக்குள் போய்ப் பயிற்சியாளர் பேசுவதைக் கேட்கலாம் என்று கண்டு, இவரும் போய்க் கூட்டத்தில் ஒருவராக நின்றார். பயிற்சியாளர் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பதினைந்தாம் நம்பர் மிகவும் வேகமானவள், அவளை விடாமல் அமுக்க வேண்டும் என்று பயிற்சியாளர் சொன்னபோதும் பலமாகத் தலையாட்டினார். பதினைந்தாம் நம்பர் வர்ஷா. அவர் நின்றது எதிரணிக் கூட்டத்தில்.

3*

* இது அடிக்குறிப்பாக இருக்க வேண்டியது. நீளமாகிவிட்டதால் தனி எண் கொடுத்துவிட்டேன். ஃபுட்டி தெரிந்தவர்கள் நேரே நாலுக்குப் போகலாம்.

இந்த ஊர் ஃபுட்டியில் பந்து முட்டை வடிவில் இருக்கும். ஒவ்வொரு முனையிலும் நான்கு தூண்கள். நடு இரண்டுக்கும் இடையில் பந்து போனால் கோல், ஆறு புள்ளி. ஓரத்து இடைவெளியால் போனால் ஒரே ஒரு புள்ளி. நடுத் தூணில் இலேசாக உரசிக்கொண்டு உள்ளே போனாலும் கோல் இல்லை, ஒரு புள்ளிதான்.

குறி தவறியவருக்கும் ஒரு புள்ளி கொடுக்கிற விளையாட்டு உலகத்தில் வேறு எங்கேயும் இல்லை என்று விக்னராஜா தொழிற்சாலை முழுவதும் சொல்லித் திரிந்தார். இப்படி ஒரு முறை குடிவரவுத் திணைக்களத்திலும் இருந்திருந்தால் தனக்கு விசா மூன்று வருடம் முந்தியே கிடைத்திருக்குமாம்.

4

அணியின் மேலாளர் கேத்ரின். மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்ப் பெண், முப்பது வயது, சிரித்துக்கொண்டே ஆளை வேலைக்குப் பிடித்துவிடுவார். சனிக்கிழமை விரதக்காரரான விக்னராஜா, மைதானத்துச் சொசேஜ் கடையில் இறைச்சிச் சொசேஜ் இல்லாமல் பாண் ரொட்டியும் வதக்கிய வெங்காயமும் மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவதை நான்கு ஆட்டமாகக் கவனித்திருந்தார். ஐந்தாவதில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அணியின் சார்பில் கோல் நடுவராக நிற்பவருக்குக் கணுக்கால் வீங்கிவிட்டது. அந்த வேலைக்கு ஒவ்வொரு அணியும் ஒரு ஆளைத் தர வேண்டும்.

"அங்கிள், வெள்ளைக் கோட்டு போட்டு ரெண்டு தூணுக்கு நடுவுல நின்னா போதும். கொடி காட்டணும், அவ்வளவுதான். உங்கள மாதிரி நேர்மையான ஆளு கிடைக்க மாட்டாங்க."

"நேர்மை எண்டு எப்பிடிப் பிள்ளை தெரியும்?"

"வெங்காயத்த மட்டும் கேக்குறீங்களே, அங்கிள்."

[எனக்கு இந்தக் கேத்ரினில் சந்தேகம் உண்டு. கதைக்குத் தேவையான நேரத்தில் தேவையானதைக் கையில் கொடுத்துவிட்டுப் போகும் ஆள். இப்படிப்பட்டவர்களை நல்ல எழுத்தாளர்கள் வெட்டிவிடுவார்கள். நானும் ஒரு பிரதியில் வெட்டினேன். கொடிகள் தாமாகவே விக்னராஜாவின் கைக்கு வந்துசேர்ந்தன. அது இன்னும் மோசமாக இருந்தது. கேத்ரின் இருக்கட்டும்.]

அன்றிலிருந்து வீட்டின் பின்வளவில் பயிற்சி தொடங்கியது. குசினித் துவாய் இரண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, உடுப்புக் காயப்போடும் கம்பத்தைக் கோல் தூணாக வைத்து நிற்பார். கோலுக்கு இரண்டு சுட்டுவிரலையும் நீட்டிவிட்டு இரண்டு கொடி. ஒரு புள்ளிக்கு ஒரு விரல், ஒரு கொடி. தூணில் பட்டால் முதலில் தூணைத் தட்டிக் காட்ட வேண்டும். யோகராணி குசினி யன்னலால் பார்த்துவிட்டு, துவாயைக் கேட்காமல் தன் சேலையில் கை துடைத்துக்கொண்டு சமைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டி, உதவி ஏதும் வேண்டுமா என்று விசாரித்தார்.

அடுத்த மூன்று ஹோம் கேமிலும் அவர் நடுவர். ஒரு பிழையும் விடவில்லை.

5

இந்த இடத்தில் மழையைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். மழை பெய்யவில்லையாம்.

6

பருவத்தின் கடைசி ஹோம் கேம். வென்றால் ஒன்பது வருடத்துக்குப் பிறகு இறுதிச் சுற்று. தோற்றாலும் இல்லை, சமன் என்றாலும் இல்லை. நாற்பது பேர் வரை பார்க்க வந்திருந்தார்கள். வெள்ளைக் கோட்டுடன் கணவனைப் படம் பிடிப்பதற்காக யோகராணி முதல் தடவையாகக் காரை விட்டு இறங்கியிருந்தார்.

கடைசி நிமிடத்தில் பல்கலைக்கழக அணி ஒரே ஒரு புள்ளி பின்னால். வர்ஷா ஓடிப்போய் எம்பிப் பந்தைப் பிடித்தாள். பிடித்த கையோடு ஆட்டம் முடிந்த சைரன் ஊதியது. பந்தைப் பிடித்தவருக்கு சைரனுக்குப் பிறகும் உதைக்கும் உரிமை உண்டு. கோல் என்றால் வெற்றி. ஒரு புள்ளி என்றால் சமன், எல்லாம் முடிந்தது.

உதைக்கப்போகிற இடத்துக்கு நேரே, தூண்களுக்கு நடுவில், தகப்பன்.

அவள் தகப்பனைப் பார்க்கவில்லையாம். அவரும் மகளைப் பார்க்கவில்லை, பந்தை மட்டும் பார்த்தார். பந்து ஆடிக்கொண்டே வந்தது. நடுவில் வருவது போல் வந்து, கிட்ட வந்ததும் அவருடைய வலப்பக்கம் சாய்ந்து, தூணின் உச்சிப் பக்கம் உள்விளிம்பை ஒட்டிப் போயிற்று. அந்த நேரம் பார்த்து மேகம் விலகி வெயில் கண்ணில் அடித்தது. பட்டதா படவில்லையா என்று கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் காதில் கேட்டது. டிக்.

ஒழுங்காக மூடாத போத்தலின் சத்தம் அது என்று அவருடைய இருபத்தாறு வருட அனுபவம் சொன்னது.

மைதான நடுவர் அவரைப் பார்த்தார். இரண்டு அணியும் பார்த்தன. பின்னாலிருந்து நாற்பது பேர் கத்தினார்கள். விக்னராஜா போய்த் தூணைத் தட்டினார். ஒரு விரலை நீட்டினார். ஒரு கொடியை ஆட்டினார். மற்றக் கொடி தானாக எழும்பிவிடும் என்ற பயத்தில் அதை முதுகுக்குப் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாராம்.

எதிரணிக்காரி ஒருத்தி வந்து கைகொடுத்தாள். அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் போனது.

வர்ஷா பந்தை உதைத்த இடத்திலேயே நின்றாள். "க்ளீன் கோல், அப்பா" என்றாள், கத்தாமல். பிறகு காரில் ஏறாமல் ரயிலில் வீட்டுக்கு வந்தாள்.

7

ஒன்பது நாள் அவள் தகப்பனுடன் நேராகப் பேசவில்லை. உப்பு வேண்டும் என்பதைக்கூட அம்மாவிடம் சொல்லி, அம்மா அப்பாவிடம் சொல்லி, அப்பா உப்பை அம்மாவிடம் கொடுத்து, அம்மா மகளிடம் கொடுத்தார். மூவரும் ஒரே மேசையில்தான் இருந்தார்கள்.

யோகராணியின் ஃபோனில் வீடியோ இருந்தது. மூவரும் தனித்தனியே அதைப் பார்த்தார்கள். சைரன் ஊதியதிலிருந்து கொடி ஆடும் வரை படத்தில் முழுக்க விக்னராஜா. பந்து ஓரிடத்திலும் இல்லை. கேட்டதற்கு, கோட்டு அவருக்கு நல்லாக இருந்தது, அதனால் அவரையே பிடித்தேன் என்றார் யோகராணி.

இனி ஒரு விஷயம். இந்தப் பத்தியை எடுத்துவிடும்படி அண்ணை கேட்டார். எடுத்தேன். திரும்பவும் ஒட்டிவிட்டேன். மன்னிக்க வேண்டும், அண்ணை.

விக்னராஜாவின் வலது காதில் மூன்று வருடமாக ஒரு கேட்கும் கருவி இருக்கிறது. அதனால்தான் போத்தல் தட்டுவதிலிருந்து லேபிளுக்கு மாறினார். ஆட்டத்துக்கு மறுநாள் காலை தேத்தண்ணி ஊற்றும்போது காதுக்குள் அதே சத்தம் கேட்டது. டிக். பக்கத்தில் தூணும் இல்லை, பந்தும் இல்லை. கருவியின் பற்றரி தீரப்போகிறது என்பதற்கான அறிவிப்பு அது.

எட்டு நாள் அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி சொல்லிவிட்டார்.

"எனக்குக் கேட்டது உண்மை, பிள்ளை. ஆனா தூணிலயோ காதிலயோ எண்டு இப்ப எனக்கே தெரியேல்லை."

வர்ஷா கரண்டியை வைத்தாள். ஒன்பது நாளில் முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்து, "எந்தக் காது?" என்றாள்.

"வலது."

"போஸ்ட்டும் வலது."

"ஓம். அதுதான் பிரச்சினை."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். கோபம் இன்னும் முடியவில்லை என்று காட்ட, உப்பை அம்மாவிடமே கேட்டாள்.

இங்கே எப்படி முடிப்பது என்று மூன்று யோசனைகள் வந்தன.

(அ) அண்ணையுடையது: அவர் நேர்மையைப் பாராட்டி ஃபுட்டிச் சங்கத்திலிருந்து கடிதம் வருகிறது. (வரவில்லை.)

(ஆ) வர்ஷா எனக்கு அனுப்பிய குறுஞ்செய்தி: கோல். ஃபைனல்ஸ். முற்றும்.

(இ) என்னுடையது: அந்திவெயிலில் தகப்பனும் மகளும் மைதானத்தின் நடுவே மெல்ல நடந்து... வெட்கமாக இருக்கிறது, விட்டுவிடுவோம்.

8

நடந்தது வேறு. சோதித்துப் பார்த்துவிடுவோம் என்றாள் வர்ஷா. அடுத்த ஞாயிறு காலை, வெறும் மைதானம். கேத்ரின் இரண்டு பந்து கொடுத்தார். விக்னராஜா புதுப் பற்றரி போட்டுக்கொண்டு பழைய இடத்தில் நின்றார். வர்ஷா அதே இடத்திலிருந்து உதைத்து, வேண்டுமென்றே தூணில் உரச வைப்பாள். அந்தச் சத்தம் அவருக்குக் கேட்கிறதா என்று பார்ப்பது. அதுவரை தேநீர் அறையில் கதை கேட்டது மட்டுமே செய்த என்னை நடுநிலைச் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள். போன பிறகுதான் தெரிந்தது, சாட்சியின் வேலை தூண்களுக்குப் பின்னால் புதரில் விழும் பந்தை எடுத்து எறிவது.

முப்பத்தேழு தடவை உதைத்தாள். ஒன்றுகூடத் தூணைத் தொடவில்லை. முப்பத்தேழும் நட்ட நடுவால் போயின. ஒவ்வொன்றுக்கும் விக்னராஜா இரண்டு விரலை நீட்டினார்.

"அப்பா, ப்ளீஸ், காட்டாதேங்கோ."

"கோலெண்டா கோலெண்டுதானே, பிள்ளை, காட்டவேணும்."

யோகராணி காருக்குள்ளிருந்து ஹாரன் அடித்தார். இடியப்பம் ஆறுகிறது என்று அர்த்தம். இதுதான் கடைசி என்றாள் வர்ஷா. முந்தின பந்து புதருக்குள் ஆழமாகப் போயிருந்ததால் இரண்டாவது பந்தை எடுத்தாள். நான் முழங்காலில் நின்று புதருக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். முதுகுப் பக்கம் உதை விழுந்த சத்தம் கேட்டது.

"பட்டது" என்றாள் வர்ஷா.

"எனக்குக் கேக்கேல்லையே" என்றார் விக்னராஜா. "கோல்."

"பட்டது, அப்பா. நான் கண்டனான்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். "தங்கச்சி, நீங்கள் பாத்தனீங்கள்தானே?"

நான் புதரிலிருந்து தலையை எடுத்தேன். நான் பார்க்கவில்லை. என் தலைமுடியெல்லாம் இலை. ஆனால் இதை வாசிக்கிற நீங்கள் இவ்வளவு நேரமும் அந்தப் பக்கம்தானே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? சீக்கிரம் சொல்லுங்கள். ஒரு விரலா, இரண்டு விரலா என்று தெரியாமல் அவர் இரண்டு கையையும் மடக்கிக்கொண்டு நிற்கிறார்.