ஹாம்பர்க் என்று எழுதிய நாற்பது பெட்டிகள்

எங்கள் வீதியில் செய்தித்தாளைவிட அட்டைப்பெட்டிகளைத்தான் அதிகம் படிப்போம். ஏற்றுமதிக்காரர் ஞானசம்பந்தத்தின் பனியன் பெட்டிகள் லாரிக்காக வாசலில் அடுக்கியிருக்கும். எந்த ஊருக்குப் போகிறது என்று பக்கவாட்டில் கறுப்பு மையில் இருக்கும். மூன்று வருஷமாக ஹாம்பர்க். அவருக்கு எதிர்வீட்டு கைருதீன் எட்டு தையல் மெஷினோடு ஏற்றுமதிக்கு இறங்கியபோது, உலகத்தில் வேறு ஊர் இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை.

அவர் மனைவி ஜெய்புன்னிசாவின் தம்பி துபாயில் துணிக்கடை வைத்திருக்கிறான். "மச்சான், எனக்கு அனுப்புங்க" என்று கடிதமாய்ப் போட்டான்.

"துபாய்க்கா? ஞானசம்பந்தமே போகலையே!" என்றுவிட்டார் இவர்.

1992 அக்டோபரில் இவர் வாசலிலும் நாற்பது பெட்டி, நாற்பதிலும் ஹாம்பர்க். ஜெய்புன்னிசாவின் நகையெல்லாம் நூலாகி, பனியனாகி அதற்குள் இருந்தது. அனுப்பப் போனால் கோட்டா இல்லை என்றார்கள். ஐரோப்பாவுக்கு வருஷத்துக்கு இத்தனை பனியன்தான் போகலாம். பழைய ஆட்களுக்கு அதில் பங்கு உண்டு, புதியவர்களுக்கு மிச்சம். மிச்சம் ஆகஸ்டிலேயே தீர்ந்திருந்தது.

பங்கில் மீதி வைத்திருந்தவர் ஞானசம்பந்தம். விற்கவும் தயார். அவர் சொன்ன விலை லாபத்தை விழுங்கிவிட்டு நகையில் பாதியையும் கேட்டது.

ஜெய்புன்னிசா விடுவிடுவென்று வீதியைக் கடந்தாள். நான் காய்ந்த துணியை மறுபடி காயப்போட்டேன்.

"ஏனுங்கண்ணா, எங்கூட்டுக்காரரு தினமும் உங்க வாசல்ல நின்னாரே, கோட்டான்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் சுளுக்கிக்குமா?"

"அவரு கேக்கலீங்களே, அம்மிணி. பெட்டியைத்தான் படிச்சாரு."

"படிக்கட்டும்னு காபியும் குடுத்தீங்களே, இதுக்குத்தானா? உங்க கோட்டாவை நீங்களே வச்சுப் பூசை பண்ணுங்க!"

திரும்பி வந்தவள் துபாய்க்கு டிரங்க் கால் போட்டாள். அங்கே கோட்டா கிடையாது. விலை குறைவுதான், ஆனால் மொத்தமும் எடுத்துக்கொள்வதாகத் தம்பி சொன்னான்.

"ஜெர்மன்காரன் அளவுல தைச்சிருக்கே, அங்கே யாருக்குச் சேரும்?" என்றார் கைருதீன்.

"துபாய்ல தொந்திக்காரங்களே இல்லீங்களா? வாயை மூடிட்டு மையை எடுங்க!"

நாற்பது ஹாம்பர்க்கையும் அவர் கையாலேயே அழித்து, துபாய் என்று எழுத வைத்தாள். லாரி வந்த காலையில் ஞானசம்பந்தத்தின் மேனேஜர் எதிரே வந்து நின்றார். பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் மூன்று பேர் அவரோடு கைகட்டி நின்றார்கள். பெட்டிகள் எல்லாம் எழுத்துப் பக்கம் சுவரைப் பார்த்து அடுக்கியிருந்தன.

"எந்த ஊருன்னு வாயைத் தொறந்து கேளுங்க, சொல்றேன்" என்றாள் ஜெய்புன்னிசா. "எட்டிப் பார்த்தா மட்டும் சும்மா விடமாட்டேன்."

ஒருவரும் கேட்கவில்லை. லாரி கிளம்பியதும் நான்கு பேரும் அதன் பின்பக்கத்தைப் பார்க்க ஓடினார்கள். அங்கே தார்ப்பாய் கட்டியிருந்தது.