சாயம் படாத கால்

என் கணவருக்குச் சாயப்பட்டறையில் வேலை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் கைநகங்கள் நீலம்தான். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. பட்டறையில் அவருக்குப் பெயரே நீலக்கை. ஊரெல்லாம் பரவிய நோய்க்குப் பயந்து பட்டறையை மூடினார்கள். நகத்தில் சாயம் அப்படியே இருந்தது, நோயும் வந்து சேர்ந்தது.

பின்னறையில் அவரைத் தனியாகப் படுக்க வைத்தேன். கதவுக்கு வெளியே ஒரு முக்காலி, அதன்மேல் சாப்பாடு. தட்டை எடுக்க அவர் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டால்தான் எனக்கு உயிர் வரும். அவருக்குக் காய்ச்சல், எனக்குப் பயம்.

அந்தப் பயத்துக்குத் தீனி போட என் நாத்தனார் இருந்தாள். செத்தவர்கள் கணக்கையும் கைவைத்தியத்தையும் கலந்து கட்டி போனில் அனுப்பிக்கொண்டே இருப்பாள். அவள் அனுப்பிய வீடியோ ஒன்றைப் பார்த்து அடுப்பில் இருந்ததைத் தீய விட்டேன். அதோடு சரி, அவள் அனுப்பிய எதையும் நான் திறக்கவில்லை. சுகாதாரத் துறையிலிருந்து ஒரு நர்ஸ் தினமும் கூப்பிடுவார். அவர் சொல்வதை மட்டும் கேட்பது என்று வைத்துக்கொண்டேன்.

காய்ச்சல் எவ்வளவு, மூச்சு வாங்குகிறதா, உதடோ நகமோ நீலம் பூத்திருக்கிறதா என்று அவர் கேட்பார். உடம்பில் ஆக்ஸிஜன் குறைந்தால் உதடும் நகமும் நீலமாகுமாம்; அதை விரலில் மாட்டிப் பார்க்கும் கருவி எந்தக் கடையிலும் கிடைக்காத நேரம் அது. நகம் என்றதும் நான் சிரித்துவிடுவேன்.

"அவருக்கு எப்பவுமே நீலம்தான் மேடம், சாயக்காரர்."

நர்ஸும் சிரிப்பார். என் கணவரின் உதடோ பீடி குடித்து எப்போதோ கறுத்துப்போனது. அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம்.

ஒரு மத்தியானம் வாசலைக் கழுவும்போது கணவருடைய ரப்பர் பூட்ஸைத் தூக்கி ஓரமாக வைத்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பட்டறையில் முழங்கால்வரை பூட்ஸ் போட்டுத்தான் நிற்பார். காலில் ஒரு சொட்டுச் சாயம் பட்டதில்லை. நர்ஸ் நகம் என்று கேட்டபோதெல்லாம் நான் என்னத்துக்குச் சிரித்தேன்?

மாஸ்க்கை இழுத்துவிட்டுக்கொண்டு வெளிப்பக்கமாக ஓடி, அவர் அறை ஜன்னலைத் தட்டினேன்.

"கொஞ்சம் காலைக் காட்டுங்க."

"என்ன, கால்ல விழப்போறியா?" என்றார். அந்த ஒரு வரியைச் சொல்வதற்குள் நடுவே நிறுத்தி மூச்செடுத்தார். "எனக்கு ஒண்ணும் இல்ல. தூக்கமா வருது, அவ்ளோதான்."

"தூங்கலாம், முதல்ல காலைக் காட்டுங்க."

கட்டிலில் உட்கார்ந்தபடி வெயில் விழும் இடத்துக்குக் காலை நீட்டினார். பத்து விரலிலும் நகம் கருநீலமாக இருந்தது. அவர் கலந்த எந்தத் தொட்டியிலும் நான் அந்த நிறத்தைப் பார்த்ததில்லை.

நர்ஸைக் கூப்பிட்டேன். கால் நகத்தைச் சொன்னேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. உடனே ஆம்புலன்ஸ் அனுப்புவதாகவும், அதுவரை அவரைக் குப்புறப் படுக்கச் சொல்லும்படியும் சொன்னார்.

அவர் தானே நடந்துதான் வண்டியில் ஏறினார். என்னைக் கூட வர விடவில்லை. கதவைப் பூட்டிக்கொள்ளச் சொல்லிக் கையாட்டினார். அதன் பிறகு போன் அடிக்கும்போதெல்லாம் செத்துப் பிழைத்தேன். நாத்தனாரும் கூப்பிட்டாள். இந்த முறை கணக்கும் இல்லை, வைத்தியமும் இல்லை, அழுகை மட்டும்தான். அவர் அவளுடைய அண்ணன் இல்லையா? ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்களோ அதை மட்டும் தினமும் அவளுக்குச் சொன்னேன். ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள், மோசமாகவில்லை. அந்த 'மோசமாகவில்லை'யைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் கிடந்தோம்.

ஒரு காலையில் வார்டிலிருந்து வீடியோ கால் வந்தது. மூக்கில் குழாயும் ஒரு வாரத் தாடியுமாகத் திரையில் அவர் முகம். பேசுவதற்கு வாயைத் திறந்தார்.

"முகத்த அப்புறம் பாக்கறேன்," என்றேன். "காலைக் காட்டச் சொல்லுங்க."

யாரோ போர்வையை விலக்கிப் போனைத் தாழ்த்தினார்கள். நகமெல்லாம் வெளிர்சிவப்பு. நான் போனைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து அழுதேன்.